எப்போ சொல்லித்தரணும், எப்போ ஒதுங்கணும்?

டீம் லீடா ஆன முதல் மாசம் நான் பண்ண தப்புல இருந்தே இன்னைக்கு எபிசோடைத் தொடங்குறேன்.

புதுசா சேர்ந்த பொண்ணுகிட்ட, "உங்களுக்குச் சரின்னு படுறதைப் பண்ணுங்க"ன்னு விட்டுட்டேன். சுதந்திரம் கொடுக்கிறதா நினைப்பு. எங்கே தொடங்கணும்னே தெரியாம அவங்க மூணு நாள் தவிச்சாங்க. பத்து வருஷ அனுபவம் உள்ள சீனியர் அண்ணனோட ஒவ்வொரு மெயிலையும் திருத்தினேன். அவர் மீட்டிங்கில் பேசுறதையே நிறுத்திட்டார்.

ரெண்டையும் தலைகீழா பண்ணியிருக்கேன்னு பிறகுதான் புரிஞ்சது. பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் ரெண்டு பேரும் 1969-இல் முன்வைத்த மாடல், பின்னாடி 'சிச்சுவேஷனல் லீடர்ஷிப்'னு பேர் வாங்கினது. அதில் நாலு வழி: படிப்படியா சொல்லித்தருவது, காரணத்தை விளக்கிச் சம்மதிக்க வைப்பது, சேர்ந்து முடிவெடுப்பது, பொறுப்பை முழுசா ஒப்படைப்பது. அந்த வேலையில் ஒருத்தருக்கு எவ்வளவு திறமை, எவ்வளவு தன்னம்பிக்கை இருக்குன்னு பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கணும்.

கவனிங்க, 'அந்த வேலையில்'. கிளையன்ட்கிட்ட பேசுறதில் கில்லியான அதே அண்ணன், புது சாஃப்ட்வேர் முன்னாடி புதுமுகம்தான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரணும். ஆளுக்கு 'சீனியர்', 'ஜூனியர்'னு முத்திரை குத்திட்டா இது கண்ணுல படாது.

இப்போ வேலை கொடுக்கும்போது ரெண்டு கேள்வி கேக்கிறேன்: "இதை முன்னாடி பண்ணியிருக்கீங்களா? எந்த இடத்தில் நான் கூட இருக்கணும்?" பதிலைப் பொறுத்து உட்காருவேன், இல்லைன்னா ஒதுங்கிடுவேன்.

அந்த அண்ணன் மறுபடி மீட்டிங்கில் வாய் திறக்க நாலு மாசம் ஆச்சு.