ஒரு படம், ஒரு பட்டாணிச் செடி

ஒரு படம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும்? நாற்பது வயதை ஒட்டிய இந்தியத் திரைப்பட முன்னோடி தாதாசாகேப் பால்கே, பம்பாயில் 'லைஃப் ஆஃப் கிறைஸ்ட்' என்ற மௌனப் படத்தைப் பார்த்தார். திரையில் இயேசு நடமாட, பால்கேயின் மனக்கண்ணில் ராமரும் கிருஷ்ணரும் ஓடினார்கள். மனைவி சரஸ்வதிபாயையும் அழைத்துப்போய் அதைக் காட்டினார்.

பிறகு தானும் அப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற நினைப்புதான். விடாமல் படம் பார்த்ததில் கண் பார்வையே கொஞ்ச காலம் மங்கிப்போனது. ஆயுள் காப்பீட்டு பாலிசியை அடகு வைத்து, 1912-இல் லண்டன் போய் கேமராவோடு திரும்பினார். பணம் போடுகிறவர்கள் நம்ப வேண்டுமே! பட்டாணி விதை முளைத்துச் செடியாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்துப் போட்டுக் காட்டினார். ஃபிலிம் சுருளின் ஓரத்தில் துளையிடும் வேலை சரஸ்வதிபாய்க்கு.

1913 மே 3-ஆம் தேதி பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா' திரைக்கு வந்தது. நடிக்கப் பெண்கள் முன்வராததால் ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடித்தவர், ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர்!