கப்பியும் கயிறும்



கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர் ஓர் உண்மையை அறிவர். நிறைகுடத்தைக் கயிற்றில் அசையாது பிடித்திருக்கும்போது கைக்குத் தெரியும் பாரம் ஒன்று. வெடுக்கென்று மேலே இழுக்கும்போது தெரியும் பாரம் வேறொன்று. நைந்த கயிறு அறுவதும் பெரும்பாலும் அந்த வெடுக்கென்ற இழுப்பின்போதுதான். குடத்தின் எடை மாறவில்லை. கயிற்றின் இழுவிசையே மாறிற்று. எடை வேறு, இழுவிசை வேறு என்று தெளிந்தவர்க்குக் கப்பிக் கணக்குகள் எளியவை.

கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். உயரே நிலையாகப் பொருத்திய கப்பியின்மேல் ஒரு கயிறு செல்கிறது. அதன் ஒரு முனையில் 3 கிலோகிராம் நிறையும் மறுமுனையில் 2 கிலோகிராம் நிறையும் தொங்குகின்றன. பிடித்த கையை எடுத்துவிட்டால், அவற்றின் முடுக்கம் என்ன? கயிற்றின் இழுவிசை என்ன?

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் இதற்குரிய சூத்திரத்தை நான் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்வித்தேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, 3 கிலோகிராம் தொங்கும் பக்கத்தில் இழுவிசை அதன் எடைக்குச் சமந்தானே?” என்று வினவினான். “சூத்திரத்தைப் பார், உட்கார்” என்றேன். அவ்வாண்டுத் தேர்வில் ஒரு நிறை மேசைமேல் இருப்பதாகக் கணக்கு வந்தது. வகுப்பில் பெரும்பாலோர் பழைய சூத்திரத்தையே எழுதிவைத்தனர். தவறு அவர்களுடையதன்று. அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று சொல்கிறேன்.

முதலில் ஒவ்வொரு பொருளையும் தனியே வரைந்து, அதன்மீது செயற்படும் விசைகளைக் குறியுங்கள். 3 கிலோகிராம் நிறையைக் கீழ்நோக்கி இழுப்பது அதன் எடை. அது 3 × 9.8, அதாவது 29.4 நியூட்டன். மேல்நோக்கி இழுப்பது கயிறு. இரண்டும் சமமாயின், ஓய்விலிருந்த நிறை இயங்கத் தொடங்கவே இயலாது. அது கீழிறங்கத் தொடங்குகிறது. ஆதலின் இழுவிசை 29.4-ஐவிடக் குறைவு. மறுபுறம் 19.6 நியூட்டன் எடையுள்ள நிறை மேலேறுகிறது. ஆதலின் இழுவிசை 19.6-ஐவிட மிகுதி. கணக்கிடுமுன்னரே விடையின் எல்லை தெரிந்துவிட்டது.

வினாவில் வரும் நிபந்தனைகளும் வீண்சொற்கள் அல்ல. கயிறு நீளாதது என்பதால் இரு நிறைகளின் முடுக்கமும் ஒரே அளவு. கயிறும் கப்பியும் மிக இலேசானவை, உராய்வு இல்லை என்பதால் இருபுறமும் ஒரே இழுவிசை.

இனி நியூட்டனின் இரண்டாம் விதி: நிகர விசை நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிய அளவு.

29.4 − இழுவிசை = 3 × முடுக்கம்
இழுவிசை − 19.6 = 2 × முடுக்கம்

இரண்டையும் கூட்டினால் 9.8 = 5 × முடுக்கம். ஆகவே முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.96 மீட்டர், இழுவிசை 23.52 நியூட்டன். முன்பு கண்ட எல்லைக்குள் அது அடங்குகிறது.

தேர்வில் வந்த கணக்கும் இவ்வாறே. 3 கிலோகிராம் உராய்வற்ற மேசைமேல் இருக்க, 2 கிலோகிராம் விளிம்பிலுள்ள கப்பி வழியே தொங்கினால், மேசைமேலுள்ளதை முன்னிழுப்பது கயிறு மட்டுமே. எனவே 19.6 = 5 × முடுக்கம்; முடுக்கம் 3.92, இழுவிசை 11.76. சூத்திரம் மாறிற்று, முறை மாறவில்லை.

கப்பியில் இரு நிறைகளைத் தொங்கவிடும் கருவியைக் கேம்பிரிட்ஜில் பயிற்றிய ஜார்ஜ் அட்வுட் 1784-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தானே விழும் பொருள் ஒரு மீட்டரை அரை விநாடிக்குள் கடந்துவிடும். அதை அக்காலக் கடிகாரத்தால் செம்மையாக அளத்தல் அரிது. ஒருபுறம் 510 கிராம், மறுபுறம் 490 கிராம் தொங்கவிட்டால் முடுக்கம் ஐம்பதில் ஒரு பங்காகும். அதே தொலைவுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகும். உராய்வைக் குறைக்க அவர் கப்பியின் அச்சைச் சிறு சக்கரங்கள்மீது அமர்த்தினார். நம் வினாத்தாளில் ஒரு சொல்லாக நிற்கும் ‘உராய்வற்ற’ என்பதற்கு அவர் பட்ட பாடு அது.

விடை கண்டபின் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இரு நிறைகளும் சமமானால் முடுக்கம் இல்லாமற்போக வேண்டும். ஒன்றை அகற்றிவிட்டால் மற்றது தடையின்றி விழ வேண்டும். விளங்காத இடத்தில், அன்று எழுந்து நின்ற அந்த மாணவனைப்போல் அஞ்சாது வினவுங்கள். உங்கள் ஆசிரியர் உங்களை உட்காரச் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.