வெள்ள ஊரில் ஜீப் வைத்திருப்போர் கவனத்துக்கு

தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய மகிந்திரா ஜீப் என்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருக்கும் கடலூர்க்காரருக்கு ஏறிக் காட்டப் பெரிய மலை எதுவும் இல்லை. அவருக்கு வாய்த்தவை தண்ணீரும் உப்பும்தான். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் இங்கேதான் கடலில் கலக்கின்றன. தெற்கு எல்லையில் கொள்ளிடம். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 டிசம்பர் 2 அன்று, பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட ஊரில் வண்டியை மேம்படுத்த நினைப்பவர் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

பெரும்பாலானோர் அங்கே தொடங்குவதில்லை. அகலமான டயர், முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, கூரையில் விளக்கு வரிசை என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பக்கக் கம்பித் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது காற்றுப்பை சரியான நேரத்தில் விரியாமல் இந்தக் கம்பி கெடுக்கும்; குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது எமன். என்னைக் கேட்டால், இது தேவையே இல்லாத செலவு.

செலவு குறைந்து பலன் பெருகும் வேலை ப்ரீதர் குழாயை உயர்த்துவது. முன்னச்சு, பின்னச்சு, கியர் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ் ஆகியவை மூச்சுவிட ப்ரீதர் என்ற ஒரு சிறு துளை உண்டு. ஓடி ஓடிச் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துளை வழியாகவோ தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். எண்ணெய் தாங்கும் குழாயை ஒவ்வொன்றிலும் மாட்டி, இன்ஜின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். புதிய வண்டிகள் சிலவற்றில் இது ஏற்கெனவே உயரத்தில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். சேற்று உழவில் டிராக்டரை நாளெல்லாம் ஓட்டும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பட்டறைகளுக்கு அச்சுக்குள் தண்ணீர் போகும் கதை புதிதல்ல. சீல் மாற்ற அவர்களிடம் தயங்காமல் போகலாம்.

தண்ணீர் புகுந்ததா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வண்டியை இரவு முழுக்க நிறுத்தினால் தண்ணீர் அடியில் தங்கும். காலையில் வடிகால் நட்டைச் சற்றே தளர்த்தினால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் முழுதையும் மாற்றியே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஊற்றும் துளையின் நட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியிருக்கும் நிலையில் எண்ணெயை வடித்துவிட்டால், புது எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் வண்டி வாசலிலேயே நிற்கும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அது போய்ச் சேர்வது நம் ஆற்றில்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பதற்றத்தில் சாவி போட்டுப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். ‘இன்ஜின் தண்ணீர் குடித்துவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலேறும்போது அந்தத் தண்ணீரில் முட்டிக்கொள்ள, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் இதே கதிதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் பாருங்கள், ஆயில் குச்சியை உருவி நிறம் பாருங்கள். ஈரம் இருந்தால் வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

இன்றைய தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை நீரில் இறங்கலாம் என்று நிறுவனமே அளவு சொல்லியிருக்கிறது. அது நிற்கும் நீருக்கான கணக்கு. ஓடும் நீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் புரட்டும். ஸ்நார்கல் மாட்டினால் காற்று இழுக்கும் வாய் உயருமே தவிர வண்டியின் எடை கூடாது.

உப்பின் வேலை மெதுவானது. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சேஸிஸ் சட்டத்தின் வடிகால் துளைகளை மணல் அடைத்துக்கொள்ளும். ஒரு கம்பியால் குத்தி எடுங்கள். துருவின் மேலேயே கறுப்புப் பூச்சு அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் காய்ந்த பிறகே பூச்சு. துரு தின்று ஓட்டையான சேஸிஸைத் தேர்ந்த வெல்டரிடம் விடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. கடலோர வீடுகளின் வாசல் பெரும்பாலும் மணல், ஜாக்கி சரியும். கெட்டியான பலகையை அடியில் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்கிய பிறகே உள்ளே போங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ப்ரீதர், சீல், எண்ணெய் வேலைகளைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.