நடைக்கும் ஒரு பேரேடு

வணிகப் பெருமக்களாகிய நம்மில் பலருக்குக் கல்லாப் பெட்டியே கதி. காலை 6 மணிக்குக் கடை திறந்தால் இரவு 9 வரை உட்கார்ந்த இடம். சரக்கு நடக்கிறது, பணம் நடக்கிறது. முதலாளி மட்டும் நடப்பதில்லை. அதன் பலன் சர்க்கரையாகவும் இரத்தக் கொதிப்பாகவும் வந்து சேர்கிறது.

திண்டுக்கல்லில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் நால்வரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூத்தவரான அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏறியதால் மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நாங்களும் கிளம்பினோம். வியாபாரிக்குக் கணக்கு இல்லாமல் எதுவும் ஓடாது. ஆகவே 2023 ஏப்ரல் முதல் தேதி ஒரு பேரேடு போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினோம். 2024 மார்ச் 31-க்குள் தலைக்கு 1,000 கிலோ மீட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டே முக்காலுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் சித்திரை, வைகாசி வெயில் பாதி நாளைத் தின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைத் தின்றது. நவம்பர் கடைசியில் ஐந்தொகை போட்டபோது ஆளுக்கு 400 தான் தேறியது. 600 பாக்கி, கையில் இருப்பு நான்கு மாதம்.

கைகொடுத்தது பனிக்காலம். விடியற்காலை 5 மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினால் வியர்வையும் தெரியாது, தூரமும் தெரியாது. வார நாட்களில் கடை திறக்குமுன் 4 கிலோ மீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுநடை. ஒரு வாரம் தாடிக்கொம்பு பெருமாள் கோயில், ஒரு வாரம் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகளையும் நின்று நின்று ஏறினோம். இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும் என்பதால் திரும்பும்போது பஸ்.

2024 தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு, பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு ஒட்டன்சத்திரம் வரை, சுமார் 30 கிலோ மீட்டர் நடப்பதென்று கிளம்பினோம். அண்ணாச்சி அன்றைக்கென்று புதுக் காலணி போட்டிருந்தார். 18 கிலோ மீட்டரில் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் பெரிய கொப்புளம். அவருக்கு வலியே தெரியவில்லை. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும்; புண் ஆறவும் நாளாகும். உடனே பஸ் ஏற்றினோம். மூன்று வாரம் அவருக்கு நடை இல்லை.

மார்ச் 31 இரவு கணக்கு முடித்தோம். எங்கள் மூவருக்கும் ஆயிரம் தாண்டியிருந்தது. அண்ணாச்சி பக்கத்தில் 962. "அன்று பஸ்ஸில் வந்த 12-ஐயும், குடோனுக்கும் கடைக்கும் நடந்ததையும் சேர்த்தால் சரியாகிவிடும் அண்ணாச்சி" என்றோம். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். "எடையில் குறைத்ததில்லை, இதில் மட்டும் எதற்குக் கூட்ட வேண்டும்?" என்று சொல்லி, 962 என்றே எழுதிக் கோடு போட்டார். எங்களுக்குத் தலை குனிந்தது.

அந்த வாரம் அவருடைய இரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1-லிருந்து 7.4-க்கு இறங்கியிருந்தது. மருத்துவர் சொன்ன மாத்திரையையும் அவர் ஒருநாள்கூட விடவில்லை. 38 கிலோ மீட்டர் குறைந்தாலும் லாபம் லாபம்தான்.

எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பனிமூட்டத்தில் வெள்ளைச் சட்டையும் டார்ச் விளக்கும் அவசியம். சர்க்கரை உள்ளவர்கள் பையில் பிஸ்கட்டோ மிட்டாயோ வைத்திருப்பதும், வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பதும் நல்லது. புதுக் காலணியை நெடுநடைக்குப் போடவே கூடாது. தூரத்தைக் கைப்பேசியும் சொல்லும், கிலோ மீட்டர் கல்லும் சொல்லும். எதில் பார்த்தாலும் உள்ளதை எழுதுங்கள்.

புதுக் கணக்கு போடும் நாளில் கடைக்கு ஒரு பேரேடு வாங்கும்போது, தங்கள் கால்களுக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள்.