உத்தரவாதம் யாருக்கு? டென்னிஸில் 251-வது ஆளின் கணக்கு

டென்னிஸ் ஆடினால் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய் நிச்சயமாமே, பையனின் படிப்பை நிறுத்திவிட்டு இதில் இறக்கிவிடலாமா? அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பந்தல்குடிக்காரர் ஒருவர் மகனை வாரம் மூன்று நாள் மதுரைக்குப் பஸ்ஸில் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார். திட்டம் 2026-உடன் முடிகிறதாமே, அதற்குள் பேர் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

பேர் கொடுக்க விண்ணப்பம் எதுவும் கிடையாது. ‘பேஸ்லைன்’ என்பது ஆண்கள் டென்னிஸ் சுற்றை நடத்தும் ஏடிபி 2023 ஆகஸ்டில் அறிவித்த திட்டம். தன் ஆட்டக்காரர்கள் பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் பணமில்லாமல் அல்லாடுவதும், ஏடிபிக்குப் போட்டியாக ஜோகோவிச் முன்னின்று தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம் அதைப் பேசுபொருளாக்கியதும் ஊரறிந்த பிறகு வந்த திட்டம் இது. 2024 முதல் 2026 வரை மூன்று பருவங்களுக்குச் சோதனை என்றார்கள். 2024-க்கு அறிவித்த கணக்கு இது: தரவரிசையில் முதல் 100 பேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. பரிசுப் பணம் இதற்குக் குறைந்தால், குறைவதை மட்டும் ஏடிபி இட்டு நிரப்பும். ‘உத்தரவாத வருமானம்’ என்ற சொல்லைச் சம்பளம் என்று பல வாசகர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளும் விதமாகத்தான் அறிவிப்பும் இருந்தது.

என்னை உறுத்துவது மேல்தட்டுக் கணக்கு. முதல் 100-க்குள் இருப்பவர் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் தகுதிச் சுற்று ஆடாமல் நேராக நுழையலாம். 2024-இல் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு ஆஸ்திரேலியாவில் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர், பாரிஸில் 73,000 யூரோ, விம்பிள்டனில் 60,000 பவுண்டு, நியூயார்க்கில் 1,00,000 அமெரிக்க டாலர் கொடுத்தார்கள். நான்கையும் அமெரிக்க டாலராக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 3,30,000 வருகிறது. நான்கு ஆட்டம், நான்கு தோல்வி. அதற்கே உத்தரவாதத் தொகையைத் தாண்டிவிடுகிறது. இத்தனைக்கும் கிராண்ட்ஸ்லாம்களை நடத்துவது ஏடிபி இல்லை. ஆக, அடுத்தவர் பெட்டியிலிருந்து எப்படியும் வந்து சேரும் பணத்துக்கு ஏடிபி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறது. காயம்பட்டு ஆடாமல் போனவருக்கு உதவும் என்பது வாஸ்தவம், அதற்கும் தனித் தொகை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதை ஏட்டுக் கணக்கு என்று தள்ள வேண்டாம். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-இல் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு வெளியேறினார். அந்த ஆண்டுதான் தரவரிசையில் 75-வது இடத்தைத் தொட்டார். முழங்கால் காயத்தில் பல வருடங்களை இழந்த பிறகு, முப்பதை எட்டும் வயதில் கிடைத்த இடம் அது.

இரண்டாவது தட்டில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரரான சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று பிடிஐ செய்தி நிறுவனத்திடம் சொன்னார். ரூபாயில் எண்பதாயிரம். அதற்குள் அந்த ஆண்டு 24 போட்டிகள் ஆடி ஏறக்குறைய 65 லட்சம் சம்பாதித்திருந்தார். ஒரே ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு சுற்றவே ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை ஆகிறதாம். பேஸ்லைன் அப்போதே இருந்திருந்தால் இவருடைய தட்டுக்குரிய 1,50,000 டாலரை எட்ட இன்னும் 60 லட்சம் ரூபாய் போல வந்திருக்கும். நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வருவது பற்றாக்குறை மட்டும்தானே? செப்டம்பருக்கு மேல் அவர் சேலஞ்சர் எனப்படும் அடுத்த நிலைப் போட்டி ஒன்றுக்குப் பறந்து போய் மூன்றாயிரம் டாலர் ஜெயித்தால், வருடக் கடைசியில் வரவேண்டிய தொகையில் அதே மூன்றாயிரம் குறையும். விமானச் செலவும் பயிற்சியாளர் கூலியும் அவர் கையிலிருந்து. பணத்தை மட்டும் பார்த்தால் வீட்டில் படுத்துத் தூங்குவது லாபம். படுத்தால் தரவரிசைப் புள்ளி போகும், புள்ளி போனால் தட்டு இறங்கும், தட்டு இறங்கினால் உத்தரவாதம் பாதியாகும். ஆகவே நஷ்டத்துக்கு ஆடப் போவார்.

250-க்குக் கீழே? ஒன்றுமில்லை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டு விவரங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஆண்களில் 336-வது இடத்தில்தான் வரவும் செலவும் சரிக்குச் சரி வந்தது, அதுவும் பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமல். உத்தரவாதமோ 250-லேயே நின்றுவிடுகிறது. கிணற்றுப் பாசனக்காரருக்கு மட்டும் பயிர்க் காப்பீடு, மானாவாரிக்காரர் மழையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றால் திருச்சுழி வட்டாரத்தில் யாரும் அதைக் காப்பீடு என்று சொல்லமாட்டார்கள்.

மானாவாரி நிலம் என்றால் எம்15 எனப்படும் கடைசிப் படிப் போட்டிகள். மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலரும் 15 புள்ளியும். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், பதின்மூன்று பதினான்காயிரம் ரூபாய், புள்ளி பூஜ்யம். பெரும்பாலும் விடுதி வாடகையும் ஆட்டக்காரர் பாடு. செலவைக் குறைக்க இருவர் ஓர் அறையில் தங்குவார்கள். மறுநாள் அந்த இருவரே ஒருவருக்கொருவர் எதிராக ஆட வேண்டி வருவதும் உண்டு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

திறமை இருந்தால் மேலே வந்துவிட மாட்டார்களா? சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-இல் அன்டால்யாவில் உலகின் 8-ஆம் நிலையில் இருந்த டொமினிக் தீம் என்பவரை வென்றார், மறு ஆண்டு நியூபோர்ட்டில் இறுதிப் போட்டி வரை போனார். ஒற்றையரில் அவர் எட்டிய உச்சம் 111.

எடுத்த புள்ளி எத்தனை நாள் நிற்கும்? 52 வாரம். 2024 பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரை வென்று நாகல் எடுத்த 100 புள்ளிகள் மறு பிப்ரவரியில் கழிந்துபோயின.

இரட்டையருக்கு மாறலாமா? பலர் மாறுகிறார்கள், ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024-இல் ஹாங்சோவில் பட்டம் வென்றார்கள்.

பெண்களுக்கு இந்த உத்தரவாதம் உண்டா? கிடையாது, ஏடிபி ஆண்களுக்கான அமைப்பு.

சூதாட்டப் புகார்கள் ஏன் சின்னப் போட்டிகளிலேயே அதிகம்? மேலே சொன்ன 156 டாலரை இன்னொரு முறை பாருங்கள்.