உள்ளேயே ஒளிந்திருந்த வேகம்!

2008 நவம்பர். உலகின் முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் கடைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஹெச்டிசி ட்ரீம் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்று விற்றார்கள். திரையைத் தள்ளினால் அடியில் குட்டியாக ஒரு கீபோர்டு. அதை வைத்திருந்த ஒருவர் அரட்டையில் பதில் எழுதும்போது, ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் அடித்தார். ஃபோன் அப்படியே அணைந்து மறுபடி எழுந்தது!

தற்செயல் இல்லை, பேய் பிசாசும் இல்லை. கீபோர்டில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் கண்ணெதிரே இருந்த ஆப்புக்குப் போனது. கூடவே, பின்னணியில் யாருக்கும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஒரு கட்டளை ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருந்தது. அதுவும் சாதாரண ஷெல்லா? ‘ரூட்’ அதிகாரம் கொண்ட ஷெல்! ஃபோனில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அழிக்கலாம், கேட்க ஆளில்லை. விற்பனைக்கு வந்த ஃபோனில் இருந்திருக்கவே கூடாத கதவு அது. ‘டெல்நெட்-டி’ என்று தட்டி என்டர் அடித்தால் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழி திறந்துவிடும். கூகுள் சீக்கிரமே ஓட்டையை அடைத்தது. ஆர்வலர்கள் விடுவார்களா? ஆர்சி29 என்ற பழைய பதிப்பை மெமரி கார்டில் போட்டு, ஃபோனை வேண்டுமென்றே பின்னோக்கிக் கொண்டுபோய், அதே ஓட்டை வழியாக ஜம்மென்று நுழைந்தார்கள்.

நுழைந்து என்ன பார்த்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கும் இடம். ஜி1-ன் பிராசசர் 528 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஃபோனிலோ அதற்கு 384-க்கு மேல் போகாதபடி கடிவாளம் போட்டிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் கால் பங்குக்கு மேல் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது! ஃபோனின் மென்பொருளை ஆர்வலர்கள் தாங்களே மாற்றியமைக்கும் ‘கஸ்டம் ரோம்’ என்கிற முழுக் கலையும் இதில் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வேகத்தைக் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. உள்ளே இருப்பதைத் தேடிப்பிடித்துக் கட்டவிழ்க்கிறார்கள்.

ஜீசஸ்ஃப்ரீக் என்ற புனைபெயரில் ஒருவர் முதலில் மாற்றிய ஃபர்ம்வேரை வெளியிட்டார். அவர் ஒதுங்கியபோது, சயனோஜென் என்ற புனைபெயர் கொண்ட ஸ்டீவ் காண்டிக் அந்த வேலையைத் தொடர, சயனோஜென்மாட் பிறந்தது. அந்தச் சமையலறைக்குள் எட்டிப்பாருங்கள், என்னென்ன சேட்டை! ஜி1-ல் ரேம் மொத்தமே 192 எம்பி. அது போதவில்லையா, ரேமின் ஒரு பகுதியை ஒதுக்கி, ஓரமாகக் கிடக்கும் தகவலை அதற்குள் சுருக்கித் திணிக்கும் ‘காம்ப்கேஷ்’ உத்தியைச் சேர்த்தார்கள். ஆப் போட இடமில்லையா, மெமரி கார்டில் தனிப் பகுதி பிரித்து ஆப்களை அங்கே குடியேற்றினார்கள். அதற்கும் மேலே ஒரு படி: ‘10 எம்பி ஹேக்’. முப்பரிமாண கிராஃபிக்ஸுக்காக ஒதுக்கியிருந்த ரேமிலிருந்து 10 எம்பியைப் பிடுங்கி மற்ற ஆப்களுக்குக் கொடுத்துவிடுவது. 3டி கேம் ஓடாது. ஆனால் ஹோம் ஸ்கிரீன் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்துகொண்டு நிற்காது. வெறும் 10 எம்பிக்காக இப்படி ஒரு சண்டை! அந்தக் காம்ப்கேஷ்தான் பிறகு ‘இசட்-ரேம்’ என்ற பெயரில் 2014-ல், ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலின் முறையான அங்கமாகவே ஆனது. இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் அது சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஜி1-க்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்த கடைசிப் பதிப்பு ஆண்ட்ராய்டு 1.6. சயனோஜென்மாட் 6.1 வந்தபோது அதே ஃபோனில் 2.2 ஓடியது!

நடுவே ஒரு வழக்கறிஞர் கடிதக் கதையும் உண்டு. 2009 செப்டம்பரில் கூகுளிடமிருந்து காண்டிக்குக்குக் கடிதம் வந்தது: ஆண்ட்ராய்டு திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆப் கடையான மார்க்கெட், ஜிமெயில், யூடியூப் எல்லாம் எங்கள் சொந்தச் சரக்கு, அவற்றைச் சேர்த்து விநியோகிக்கக் கூடாது. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். காண்டிக் வழி கண்டுபிடித்தார். ரோமில் அந்த ஆப்களே இருக்காது; உங்கள் ஃபோனில் ஏற்கெனவே இருப்பவற்றை நீங்களே காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். இன்றைக்கும் சயனோஜென்மாட்டின் வாரிசான லீனியேஜ்ஓஎஸ் போடுபவர்கள், கூகுள் ஆப்கள் அடங்கிய ‘ஜிஆப்ஸ்’ ஜிப்பைத் தனியாக ஃபிளாஷ் செய்வது அந்தக் கடிதத்தின் வழியாக வந்த பழக்கம். இதில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது: கூகுள் ஆப்கள் எவையுமே இல்லாமலும் ஃபோனை ஓட்டலாம். ரேம் குறைந்த பழைய ஃபோனுக்கு அதைவிடப் பெரிய சுமைதாங்கி வேறில்லை.

எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை 2010-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்-உடையது. 1 கிகாஹெர்ட்ஸ் ஹம்மிங்பேர்டு பிராசசர், 512 எம்பி ரேம், அந்தக் காலத்தில் ராஜ சவாரி. ஆனால் நடுநடுவே திரை உறைந்து நிற்கும். ஒரு ஆப் இன்ஸ்டால் ஆகிறதென்றால் மற்றதெல்லாம் கைகட்டி நிற்கும். இவ்வளவு பலமான ஃபோன் ஏன் திணறுகிறது?

குற்றவாளி பிராசசரும் இல்லை, ரேமும் இல்லை. ஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம்! பழைய ஃபேட் ஃபைல் சிஸ்டத்தின் மேல் சாம்சங் கட்டியது. ஆண்ட்ராய்டு ஆப்கள் தங்கள் தகவலை எஸ்க்யூலைட் என்ற சின்னச் சின்ன டேட்டாபேஸ்களில் எழுதுகின்றன. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ‘இது நிஜமாகவே மெமரியில் பதிந்துவிட்டதா, உறுதி சொல்’ என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். இந்த ‘எஃப்சின்க்’ கேள்விக்குப் பதில் சொல்ல ஆர்எஃப்எஸ் எடுத்துக்கொண்ட நேரம்தான் வினை. மளிகைக் கடையில் அண்ணாச்சி ஒவ்வொரு பொட்டலம் விற்றதும் கணக்கு நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அடுத்தவருக்குப் பருப்பு நிறுக்க மறுபடி பீரோவைத் திறந்தால் வரிசை என்னவாகும்? அதே நிலைதான் கேலக்ஸி எஸ்-க்குள்.

தீர்வு கண்டவர்களின் துணிச்சலைப் பாருங்கள். ஆர்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே ஒரு பெரிய ஃபைலை உருவாக்கி, அந்த ஃபைலுக்குள் ஈஎக்ஸ்டி2 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தை அமைத்து, ஆப்களின் தகவலை அங்கே இடம் மாற்றினார்கள். வீட்டுக்குள் இன்னொரு வீடு! ‘லேக்ஃபிக்ஸ்’ என்று பெயர். பிறகு வந்தவர்கள் இந்தச் சுற்றுவழியையும் தூக்கிப்போட்டுவிட்டு, கெர்னலையே மாற்றி மொத்தப் பகுதியையும் நேரடியாக ஈஎக்ஸ்டி4-க்குக் கொண்டுபோனார்கள். குவாட்ரன்ட் என்ற சோதனை ஆப்பில் ஆயிரத்தை ஒட்டி நின்ற எண் இரண்டாயிரத்தைத் தாண்டிப் பாய்ந்தது. அந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. அந்தச் சோதனை, எழுதும் வேகத்துக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் கொடுத்தது. உறைந்து நிற்பது குறைந்ததே, அதுதான் மெய்யான வெற்றி. அடுத்த ஆண்டு வந்த கேலக்ஸி எஸ்2-ல் சாம்சங்கே ஈஎக்ஸ்டி4-க்கு மாறியிருந்தது.

2012-ன் நெக்சஸ் 7 டேப்லெட்டைப் படுத்தியதும் மெமரி விவகாரம்தான். வாங்கிய புதிதில் பறந்தது, மாதங்கள் போகப்போக நகர மறுத்தது. நீங்கள் ஒரு படத்தை அழித்தால் ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும். ஃபிளாஷ் மெமரியின் கன்ட்ரோலருக்குத் தெரியாது. அது குப்பையையும் பொக்கிஷமாக நினைத்துப் பத்திரமாக இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருக்கும். ‘இந்த இடமெல்லாம் காலி, துடைத்துக்கொள்’ என்று சொல்லும் கட்டளைதான் ட்ரிம். ரூட் செய்தவர்கள் அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டார்கள். 2013 ஜூலையில் வந்த ஆண்ட்ராய்டு 4.3 அதைத் தானாகவே, ஃபோன் சும்மா இருக்கும் நேரத்தில் செய்யத் தொடங்கியது.

திரை வழுக்குவதன் ரகசியமும் நேரக் கணக்குதான். பெரும்பாலான பழைய ஃபோன்களில் திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. தவறினால் கண்ணுக்கு ஒரு குலுங்கல். விரல் திரையைத் தொட்ட அந்தக் கணமே பிராசசரின் வேகத்தைத் தூக்கிவிடலாமா, கொஞ்சம் வேலை சேர்ந்த பிறகு தூக்கலாமா? இதை முடிவு செய்வது கெர்னலுக்குள் இருக்கும் ‘கவர்னர்’. ஆன்டிமாண்ட், இன்டராக்டிவ், கன்சர்வேட்டிவ் என்று பல வகை உண்டு. தயாரிப்பாளர் பேட்டரியை நினைத்து ஒன்றை வைப்பார். கஸ்டம் கெர்னல் அந்தத் தேர்வை உங்கள் கையில் கொடுக்கிறது.

சரி, இன்று ஒரு பழைய ஃபோனுக்கு ரோம் எப்படித்தான் சமைக்கப்படுகிறது? கெர்னல் லினக்ஸ் என்பதால் ஜிபிஎல் உரிமத்தின்படி, ஃபோனை விற்கும் கம்பெனி அதன் மூலநிரலைக் கொடுக்க வேண்டும். அது ஒரு பாதி. மறுபாதி ‘ப்ளாப்’கள்: கேமரா, மோடம், கிராஃபிக்ஸ் இவற்றை இயக்கும் மூடிய கோப்புகள். அவற்றைக் கம்பெனியின் ஃபர்ம்வேரிலிருந்தே உருவியெடுத்து, அவை பிறந்தபோது இல்லாத புதிய ஆண்ட்ராய்டுடன் பேச வைக்க வேண்டும். முதலில் லோகோ தெரியும், பிறகு பூட்லூப்: ஃபோன் முழுதாக எழாமல் மறுபடி மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். லாக்கை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். திரை வரும், தொடுதல் வரும், ஒரு நாள் சிக்னல் வரும்! கேமரா மட்டும் கடைசிவரை முரண்டு பிடிக்கும். வேலை முடித்து, சம்பளம் இல்லாமல், தான் ஒருபோதும் சந்திக்காத ஆயிரக்கணக்கானவர்களின் ஃபோனுக்காக உட்கார்ந்து இதைச் செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. 2016 டிசம்பரில், சயனோஜென்மாட்டின் பின்னால் இருந்த சயனோஜென் கம்பெனி தன் சேவைகளை மூடியபோதும் அவர்கள் கலையவில்லை. அதே நிரலை எடுத்து லீனியேஜ்ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள்.

நம் ஊரில் எங்கு திரும்பினாலும் தெரிந்த ரெட்மி நோட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது, அதிகாரபூர்வமாக ஆண்ட்ராய்டு 7-உடன் நின்றது. ‘மிடோ’ என்ற அதன் உட்பெயரைச் சொன்னால் ரோம் ஆர்வலர்களின் முகம் மலரும். தன்னார்வலர்கள் அதில் ஆண்ட்ராய்டு 13-ஐயும் ஓட வைத்துவிட்டார்கள்!

இதைப் படித்ததும் மேசை டிராயரில் கிடக்கும் ஃபோனைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரோம் போடுவதற்கு முன், ஃபோனை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறக்கும் நொடியில் ஃபோனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். படங்களை முன்னமே காப்பி எடுங்கள். ஐஎம்இஐ எண் இருக்கும் பகுதியையும் சேர்த்தே பேக்கப் எடுங்கள், அது போனால் சிக்னலே கிடைக்காது. உங்கள் மாடலின் உட்பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தாத ரோமைத் தொடவே தொடாதீர்கள், ஃபோன் செங்கல்லாகிவிடலாம். முதல் பூட்டுக்குச் சில நிமிடங்கள் ஆகும், பதறி அணைத்துவிட வேண்டாம். நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள சாம்சங்கில், அதிகாரபூர்வமற்ற எதையாவது ஏற்றினால் சிப்புக்குள் ஒரு நுண் ஃபியூஸ் நிஜமாகவே எரிந்து போகும். செக்யூர் ஃபோல்டர் பிறகு திரும்பி வராது. வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் திறந்த பூட்லோடரைக் கண்டால் ஓட மறுக்கலாம். எனவே பணம் அனுப்பும் ஃபோன் வேறாக இருக்கட்டும். தேய்ந்துபோன மெமரி சிப்பையும் உப்பிய பேட்டரியையும் எந்த ரோமாலும் குணப்படுத்த முடியாது.

இத்தனைக்கும் மகுடம் ஒன்று பாக்கி இருக்கிறது: ஹெச்டிசி ஹெச்டி2. 2009 நவம்பரில் வந்த அது ஆண்ட்ராய்டு ஃபோனே இல்லை, விண்டோஸ் மொபைல் 6.5! முதலில் மெமரி கார்டில் ஆண்ட்ராய்டை வைத்து, விண்டோஸுக்குள் ஒரு புரோகிராமை ஓட்டி, ஓடும் விண்டோஸை அப்படியே ஓரங்கட்டி லினக்ஸ் கெர்னலை எழுப்பினார்கள். பிறகு புது பூட்லோடரே எழுதி, உள்மெமரியிலிருந்து நேராக ஆண்ட்ராய்டை ஏற்றினார்கள். ஆண்ட்ராய்டு மட்டுமா? விண்டோஸ் ஃபோன் 7, உபுண்டு, மீகோ என்று கிடைத்ததையெல்லாம் அதில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆண்ட்ராய்டு 7 வெளிவந்தபோது ஹெச்டி2-க்கு கிட்டத்தட்ட ஏழு வயது. அந்தக் கிழட்டு ஃபோனிலும் ஆண்ட்ராய்டு 7 பூட் ஆனது!