போன பல்பில் போனது எது?

மாலை ஆறரை மணி. சுவிட்சைப் போடுகிறீர்கள். கூடத்து விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. "பல்பு போச்சு" என்கிறார் அம்மா. அப்பா தெருமுனைக் கடைக்குப் போய்ப் புது எல்.இ.டி. பல்பு ஒன்றை வாங்கி வருகிறார். பழையது குப்பைக் கூடைக்குப் போகிறது. ஐந்து நிமிட வேலைதான். பிறகு யாரும் அதை நினைப்பதில்லை.

நாம் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போமா?

புது பல்பு வந்த அட்டைப் பெட்டியை எடுத்துப் படியுங்கள். ஆயுள் 25,000 மணி நேரம் என்று பல பெட்டிகளில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரித்தால் 4,166 நாட்கள் வரும். அதாவது 11 ஆண்டுகளுக்கு மேல். நீங்கள் நான்காம் வகுப்பில் படித்தபோது மாட்டிய பல்பு, நீங்கள் கல்லூரியை முடிக்கும்வரை எரிய வேண்டும்! ஆனால் எத்தனையோ வீடுகளில் அது இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே போய்விடுகிறது. அப்படியானால் பெட்டியில் போட்டிருப்பது பொய்யா?

அதற்கு விடை காண வேண்டுமானால், முதலில் ஒரு பழைய பல்பைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

நூறாண்டு தாண்டிய பல்பு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லிவர்மோர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள தீயணைப்பு நிலையத்தில் 1901ஆம் ஆண்டு ஒரு பல்பை மாட்டினார்கள். அது நூறாண்டுக்கு மேல் எரிந்து வந்திருக்கிறது. 1976இல் அதைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபோது, தீயணைப்பு வண்டி துணைக்கு வர மரியாதையோடு கொண்டு போனார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதன் மின்னிழை கரியால் ஆனது, சற்றுத் தடிமனானது. குறைந்த வெப்பநிலையில் எரிகிறது. அதை அணைத்து அணைத்துப் போடுவதும் இல்லை. ஆனால் அது தரும் வெளிச்சம் எவ்வளவு தெரியுமா? 4 வாட் இரவு விளக்கின் அளவுதான். அதன் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத முடியாது.

குண்டு பல்பின் குணமே இதுதான். டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒளிர்கிறது. அந்த வெப்பத்தில் உலோகம் சிறிது சிறிதாக ஆவியாகிறது. பழைய குண்டு பல்பின் உட்புறம் கறுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழையிலிருந்து கிளம்பிய டங்ஸ்டன்தான் அங்கே படிந்திருக்கிறது. இழையில் எந்த இடம் மெலிகிறதோ, அந்த இடத்தில் மின்தடை கூடும், சூடு கூடும், இன்னும் வேகமாக மெலியும். ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று அறுந்துவிடும்.

இழையின் சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும். மின்னழுத்தத்தில் 5 சதவீதம் குறைத்தாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் வெளிச்சம் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆயுள் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா? ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை யார் எடுத்தார்கள்?

ஜெனீவாவில் எடுத்த முடிவு

1924 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் முதலியவை அதில் இருந்தன. இந்தக் கூட்டணிக்கு 'ஃபீபஸ்' என்று பெயர். எந்த நாட்டுச் சந்தை யாருக்கு என்று இவர்கள் பிரித்துக்கொண்டார்கள். இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: வீட்டுப் பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம். அதற்கு முன்பு 1,500 முதல் 2,000 மணி நேரம்வரை எரியும் பல்புகள் விற்பனையில் இருந்தன.

தொழிற்சாலைகள் மாதிரி பல்புகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குறித்த அளவைவிட நீண்ட நேரம் எரியும் பல்பைத் தயாரித்த நிறுவனத்துக்கு அபராதம்! நன்றாக உழைத்ததற்கு அபராதம் என்பது விந்தையாக இல்லையா?

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மங்கலாக நெடுநாள் எரியும் பல்பு, தரும் வெளிச்சத்துக்கு அதிகமான மின்சாரத்தைத் தின்னும். பல்பில் மிச்சப்பட்ட பணம் மின்கட்டணத்தில் போய்விடும். 1951இல் பிரிட்டனில் வெளியான அரசு ஆணைய அறிக்கை ஒன்றும் 1,000 மணி என்பது பொருந்தாத அளவல்ல என்றே கருதியது. ஆயினும் ஒரு விஷயம் நமக்குத் தெளிவாகிறது. பல்பின் ஆயுள் இயற்கை விதித்த அளவு அல்ல. இயற்கை எல்லையைக் காட்டுகிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிறுத்துவது என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கூட்டணி கலைந்தது. 1,000 மணி நேரக் கணக்கு மட்டும் அதன் பிறகும் நெடுங்காலம் நிலைத்தது.

மூன்று துண்டு விளக்கு

அடுத்து வந்தது டியூப் லைட். உங்கள் தாத்தாவையோ அப்பாவையோ கேட்டுப் பாருங்கள். டியூப் லைட் எரியாவிட்டால் யாரும் உடனே கடைக்கு ஓடமாட்டார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறுவார்கள். முதலில் டியூபைச் சற்றுத் திருகிப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி, பக்கத்து அறை ஸ்டார்ட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். எரிந்தால் ஸ்டார்ட்டரில் கோளாறு. எரியாவிட்டால் டியூபின் முனை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் சோக்.

அந்த விளக்கு அப்படிப் பிரிந்து கிடந்தது. ஸ்டார்ட்டருக்குள் சூடானால் வளையும் ஈருலோகத் தகடு ஒன்று இருக்கிறது. அது ஒட்டி, பிறகு விலகும். விலகும் கணத்தில் சோக்கில் உயர் மின்னழுத்தம் தோன்றி, டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்னோட்டத்தைத் தொடங்கி வைக்கும். ஒருமுறை எரியத் தொடங்கிவிட்டால் ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. அதைக் கழற்றிவிட்டாலும் விளக்கு எரியும். அதன் பிறகு மின்னோட்டம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது சோக்கின் வேலை. மூன்று பொருள், மூன்று வேலை. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

கெட்ட பகுதியைக் கண்டுபிடிக்கும் அந்த முறையைக் கவனியுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவது, விளைவைப் பார்ப்பது. உங்கள் அறிவியல் புத்தகத்தில் சோதனை செய்யும் முறை என்று சொல்லியிருப்பதும் இதைத்தானே! ஸ்டூலில் ஏறியவர்கள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. விளக்கே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

எல்.இ.டி. பல்புக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு எலெக்ட்ரிக் கடை உண்டு. கடைக்காரர் மின்விசிறி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பார். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனோடு ஒரு நாள், போன பல்பு ஒன்றை அவரிடம் எடுத்துச் சென்றேன்.

"இதைப் பிரிக்க முடியுமா, அண்ணே?" என்று கேட்டான் பையன்.

"பிரிக்கிறதுக்குன்னு இதைச் செய்யலை தம்பி. ஆனாலும் பிரிக்கலாம்" என்றவர், பசை போட்டு ஒட்டியிருந்த வெள்ளை மூடியை மெல்ல நெம்பி எடுத்தார்.

உள்ளே அலுமினியத் தகடு ஒன்றின்மீது மஞ்சள் நிறத்தில் சிறு சிறு சதுரங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவைதான் ஒளி தரும் டையோடுகள். நீல ஒளி தரும் டையோடைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் பூச்சு மாற்றிக் கொடுப்பதால்தான் நமக்கு வெள்ளை வெளிச்சம் கிடைக்கிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை இது ஏறக்குறைய 9 வாட்டில் தந்துவிடுகிறது. இந்தச் சாதனையை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

"இதோ பாரு" என்று ஒரு சதுரத்தைக் காட்டினார் கடைக்காரர். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குக் கரும்புள்ளி. "இது ஒண்ணுதான் போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கோயில் திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு பல்பு போனால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். டையோடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தால் எல்லாம் இருட்டு.

வேறு பல பல்புகளில் டையோடுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடிப்பாகத்தில் இருக்கும் சிறு மின்சுற்று கெட்டிருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். டையோடுக்கு வேண்டியதோ சீரான, அளவான நேர்திசை மின்னோட்டம். இதை மாற்றிக் கொடுக்கும் சுற்றில் பெரும்பாலும் ஒரு மின்தேக்கி இருக்கும். அலுமினியத் தாள்களுக்கு இடையே திரவத்தில் நனைத்த காகிதத்தைச் சுருட்டி வைத்த பொருள் அது. சூட்டில் அந்தத் திரவம் நாளடைவில் உலர்ந்துபோகும்.

பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் இரட்டிப்பாகும். 95 டிகிரியில் 5,000 மணி நேரம் உழைப்பது, 85 டிகிரியில் 10,000 மணி நேரமும் 75 டிகிரியில் 20,000 மணி நேரமும் உழைக்கும். இப்போது பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தொங்குகிறது. டையோடுகளின் சூடு மேலே ஏறுகிறது. மேலே இருப்பது மின்சுற்று! அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டும் போட்டுவிட்டால் சூடு போக வழியே இல்லை.

அட்டைப் பெட்டியின் புதிரும் இப்போது விடுபடுகிறது. 25,000 மணி என்பது பெரும்பாலும் டையோடுகளின் ஆயுளை வைத்துப் போடும் கணக்கு. ஆனால் ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமைதான். மெலிந்த கண்ணியை மாற்ற வழியில்லாமல் பசை போட்டு ஒட்டிவிட்டால், நல்ல கண்ணிகளும் அதனோடு குப்பைக்குப் போகின்றன.

கடைக்காரர் புள்ளி விழுந்த டையோடை எடுத்துவிட்டு, வேறொரு பழைய பல்பிலிருந்து ஒன்றைப் பற்றவைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பையன் கைதட்டினான். "இதை யாரிடம் கத்துக்கிட்டீங்க, அண்ணே?" என்றான்.

"வால்வு ரேடியோ காலத்துக் கடையில வேலை பார்த்தேன். முதலாளி பக்கத்துல உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது. இப்ப என் பக்கத்துல உட்கார யாரும் வர்றதில்லை. புதுசு விலை குறைச்சல். பழசைக் கொண்டுவர்றவங்களும் குறைச்சல். அப்புறம் எதுக்கு வருவாங்க?"

ஒரு கணக்கு

2015இல் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் மூலம் நம் நாட்டில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மின்சாரம் பெருமளவு மிச்சமானது. இந்த 36 கோடி பல்புகள் தலா 12 ஆண்டு உழைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 3 கோடி பல்புகள் குப்பையாகும். 3 ஆண்டு மட்டும் உழைத்தால்? ஆண்டுக்கு 12 கோடி. ஒவ்வொன்றிலும் அலுமினியம், செம்பு, ஈயப்பற்று அல்லது வெள்ளீயப்பற்று, பிளாஸ்டிக் எல்லாம் இருக்கின்றன. உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. 2016இல் பிலிப்ஸ் நிறுவனம் துபாய் நகராட்சியுடன் சேர்ந்து ஒரு பல்பை அறிவித்தது. அதில் டையோடுகளின் எண்ணிக்கை அதிகம். ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டம் குறைவு. சூடு குறைகிறது, ஆயுள் கூடுகிறது. வாட்டுக்கு 200 லூமன் வெளிச்சமும் கிடைக்கிறது. சாதாரண எல்.இ.டி. பல்பில் கிடைப்பது ஏறக்குறைய 100 தான். குண்டு பல்பில் ஆயுளும் வெளிச்சமும் ஒன்றோடொன்று மோதின. இங்கே இரண்டும் ஒன்றாகக் கூடுகின்றன. டையோடுகள் கூடுதலாக வேண்டும் என்பதால் செலவு கூடும், அவ்வளவுதான்.

சட்டங்களும் வரத் தொடங்கியுள்ளன. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல் கைப்பேசி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு, 'எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம்' என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டு நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது.

ஆனால் சட்டம் உதிரிப் பாகத்தைத்தான் வாங்கித் தரும். அதை மாட்டும் கை வேண்டாமா? எது கெட்டது என்று தேடும் கண் வேண்டாமா? அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

செய்து பாருங்கள்

1. அடுத்த முறை பல்பு மாட்டும்போது, அதன் அடிப்பாகத்தில் அழியாத பேனாவால் தேதியை எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று குறித்து வையுங்கள். அது போகும் நாளில் மொத்த மணி நேரத்தைக் கணக்கிட்டு, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். காத்தாடக் காற்றில் தொங்கும் பல்பு, மூடிய கூண்டுக்குள் எரியும் பல்பு இரண்டில் எது அதிக நாள் உழைக்கிறது?

2. எரியாத டார்ச் ஒன்றைத் தேடி எடுங்கள். பேட்டரி, சுவிட்ச், சுருள்கம்பி, பல்பு என்று ஒவ்வொன்றாக மாற்றியும் துடைத்தும் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும்! ஒவ்வொரு முறையும் விளைவை எழுதுங்கள்.

3. உங்கள் ஊரில் மிக்ஸி, ரேடியோ, மின்விசிறி பழுது பார்க்கும் ஒருவரிடம் ஒரு மாலைப் பொழுது போய், அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எதையும் நீங்களாகத் திறக்கக் கூடாது. மின்தேக்கியில், சுவிட்சை அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். டியூபும் உடையக் கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. டார்ச்சில் தொடங்குங்கள். அங்கே கற்பது மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும்.